அந்தக் கேடயத்தை ஒருக்கா குடு அம்மணி

உக்காருங்க சார், உக்காருங்க. பைய மடியில வெச்சுக்காதீங்க, மேல வெச்சிருங்க. இந்த பஸ்ல எவனும் எடுக்க மாட்டான். போறப்ப நாலஞ்சு பேருதான் இருப்போம், திரும்பி வர்றப்பத்தான் கூட்டம். ஜன்னலோரம் வேணுங்களா? எனக்கு எங்க உக்காந்தாலும் ஒண்ணுதானுங்க. இடுப்பு வலிக்கறது வலிச்சுட்டேதான் இருக்கும்.

சின்னவேலம்பாளையமுங்களா? நமக்கும் அதே ஊருதான். யாரு வீட்டுக்குங்க? அட, ஸ்கூலுக்கா! புது வாத்தியாரு வர்றாருன்னு எச்.எம். சொன்னாரு, நீங்கதானா அது. சமூக அறிவியலுங்களா? ம். அப்பச் சரி. நல்லதாப் போச்சு உங்களை பஸ்லயே பார்த்தது. நான் நாச்சிமுத்துங்க. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரு. பையன் உங்க ஸ்கூல்லதான் எட்டாவது படிக்கறான். தொழிலு பந்தல், மைக்செட், சேர் வாடகைக்கு விடறதுங்க. சுத்துவட்டாரத்துல கல்யாணமோ காதுகுத்தோ எழவோ, எது நடந்தாலும் நம்ம சேர்லதான் உக்காரணும்.

காலைச் சித்த தள்ளி வெச்சுக்குங்க சார், அது ஃப்ளெக்ஸ். மிதிச்சா மடிப்பு விழுந்துரும். நேத்து இதுக்காகத்தான் டவுனுக்கு வந்தேன். கடைப் பையன் பிரிண்ட் போட்டு முடிக்கறதுக்குள்ள இருட்டிப்போச்சு, சரின்னு பொண்ணு வீட்டுலயே தங்கிட்டு இப்பத்தான் வர்றேன். வர்ற வாரம் ஸ்கூல்ல ஒரு விழா. ஆமாங்க, மறுபடியும் விழா. விழான்னு சொன்னாலே எனக்கு இப்பல்லாம் ஒரு அலுப்புங்க. ஆனா நான் எடுத்துச் செய்யலைன்னா யாரு செய்வா சொல்லுங்க?

நீங்க சமூக அறிவியல்னு சொன்னதால சொல்றேன். உங்களுக்கு முன்னால அதே பாடத்துக்கு ஜெசிந்தா டீச்சருன்னு ஒருத்தங்க இருந்தாங்க. தூத்துக்குடிப் பக்கம் அவங்களுக்கு. தங்கமான மனுஷிதான், குத்தம் சொல்லக் கூடாது. ஆனா எதை எங்க பேசறதுன்னு தெரியாது. அதனால போன வருஷம் நடந்த பாராட்டு விழாவுல எனக்கு வந்த மனக்கஷ்டம் இருக்கே, அது இன்னும் ஆறலைங்க. நீங்க புதுசு. முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டா உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

என்ன நடந்துச்சுன்னா, அந்த டீச்சரு நம்ம பத்தாவதுப் புள்ளைகளை ஒரு போட்டிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாதிரி கிராம சபைப் போட்டி. உங்களுக்குத் தெரியாததா, புள்ளைகளே தலைவரு, உறுப்பினரு, பொதுஜனமுன்னு உக்காந்து, ஊருக்கு இது வேணும் அது வேணுமுன்னு பேசித் தீர்மானம் போடறது. குடிமையியல் போட்டின்னு சொன்னாங்க. சரி, போயிட்டு வாங்கன்னு விட்டோம். மாவட்டத்துல ஜெயிச்சாங்க. பரவால்லையேன்னு நெனச்சோம். அப்பறம் பார்த்தா மெட்ராஸுக்குப் போயி மாநிலத்துலயே முதல் பரிசு! நம்மூரு ஹைஸ்கூலுங்க சார். மழை பேஞ்சா ஒம்பதாவதுக்கு லீவு விடற ஸ்கூலு. கேடயம் எவ்வளவு பெருசுங்கறீங்க, பஸ்ல மடியில வெக்க முடியாம நின்னுட்டே வந்தாங்களாம்.

கோகிலவாணின்னு ஒரு புள்ளைதான் அதுல தலைவியா இருந்து நடத்துனது. அப்பன் இல்லை. அம்மா தேங்காய்க் களத்துல பருப்பு காய வெக்கப் போகும். நெம்ப சூட்டிகையான புள்ளை. அது பேசறப்ப நடுவரா இருந்தவங்களே பேனாவைக் கீழ வெச்சுட்டுக் கேட்டாங்களாமா. டீச்சரு வந்து சொல்றப்ப அவங்க கண்ணுல தண்ணி. எனக்கும் சந்தோஷம் தாங்கலைங்க. அன்னிக்கே எச்.எம். ரூமுக்குப் போயிச் சொல்லிட்டேன், சார், இதை இப்படியே விடக் கூடாது, ஊரே மூக்கு மேல வெரலை வெக்கற மாதிரி ஒரு பாராட்டு விழா நடத்தணும், பந்தல், சேர், மைக்செட் எல்லாம் என்ற பொறுப்புன்னு. எச்.எம். பாவம், பரீட்சை வருதே தலைவரேன்னாரு. பரீட்சை வருஷா வருஷம் வருமுங்க, மாநில முதல் பரிசு வருமான்னு கேட்டேன். காலண்டரை எடுத்தாரு.

அங்க புடிச்சது சார் எனக்குச் சனி.

விழான்னா மேடை போடறது இல்லைங்க. அது அரை நாள் வேலை. அழைப்பிதழ் இருக்குது பாருங்க, அதுதான் உசிரை எடுக்கறது. யாரு தலைமை, யாரு முன்னிலை, யாரு வரவேற்புரை, யாரு வாழ்த்துரை. ஒருத்தரு பேரைப் பெரிய எழுத்துல போட்டா இன்னொருத்தரு பொண்டாட்டி நம்ம வீட்டம்மாகிட்டப் பேச மாட்டா. சிறப்பு விருந்தினரு எம்.எல்.ஏ., அதுல சிக்கல் இல்லை. அதுக்கடுத்து யாருன்னுதான் சிக்கல். பஞ்சாயத்து முன்னாள் தலைவரு, இந்நாள் தலைவரு, கோயில் தர்மகர்த்தா, பால் சொசைட்டிக்காரரு, ஸ்கூலுக்கு இடம் குடுத்தவரோட பேரன், அந்தப் பேரனுக்கு ஆகாத பங்காளி. பிரஸ்ஸுக்கும் ஊருக்கும் நடந்து நடந்து என்ற செருப்பே தேஞ்சுபோச்சு. எல்லாருக்கும் முன்னிலை குடுத்தேன். குடுத்து முடிச்சப்ப அழைப்பிதழ் மூணு மடிப்பா வந்துருச்சு. ஒருத்தரு பேரும் விட்டுப்போகலை.

புள்ளைக பேருங்களா? அதான் மேலயே போட்டிருந்தமே, "சாதனை படைத்த மாணவச் செல்வங்கள்"னு. தனித்தனியாப் போட எடம் எங்கீங்க இருக்குது.

அந்தச் சமயத்துலதான் ஒரு நாள் அந்தப் புள்ளை கோகிலவாணி நம்ம குடோனுக்கு வந்து நின்னுச்சு. நான் சேரெல்லாம் கழுவிக் கமுத்திட்டு இருந்தேன். ரெட்டைச் சடை, யூனிஃபார்ம், செருப்பை வாசல்லயே விட்டுட்டு உள்ள வந்துச்சு. குடோனுக்கு யாருங்க செருப்பைக் கழட்டுவா? அப்படி மரியாதையான புள்ளை.

"தலைவரே, விழாவுல எனக்கு ரெண்டு நிமிஷம் குடுப்பீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"எதுக்கு அம்மணி?"ன்னேன்.

"போட்டியில பேசுனதையே பேசறேனுங்க. எம்.எல்.ஏ. இருக்கறப்பப் பேசணுமுங்க. ரெண்டே நிமிஷம் போதும்."

"அதான் பேசி ஜெயிச்சாச்சே கண்ணு, மறுபடியும் எதுக்கு அதையே பேசறே? அன்னிக்கு நீ மேடைக்கு வந்து கும்பிட்டுக் கேடயத்தை வாங்கிக்க, அது போதும்"னேன்.

அப்பவும் அது போகலை. சேரைப் புடிச்சுட்டு நின்னுச்சு. "இல்லீங்க, ரெண்டு நிமிஷம்தானுங்க"ன்னுது. அந்த மொகத்தைப் பார்த்தா இல்லைன்னு சொல்ல மனசு வரலை. சரி அம்மணி, அன்னிக்குப் பார்த்துக்கலாம் போன்னேன். நான் மாட்டேன்னே சொல்லலீங்க. இதை நீங்க ஞாபகம் வெச்சுக்கணும், ஏன்னா அந்த டீச்சரு பின்னால என்னைப் பேசுன பேச்சு வேற.

விழா அன்னிக்கு பத்து மணின்னு போட்டிருந்தோம். எம்.எல்.ஏ. வர்றப்ப மணி ஒண்ணரை. அவரையும் குத்தம் சொல்ல முடியாதுங்க, வர்ற வழியில ரெண்டு கல்யாணம், ஒரு துக்கம். புள்ளைகளை கேட்டுல பூத்தட்டோட நிறுத்தி வெச்சிருந்தோம். வெயிலுதான், இல்லைங்கலை. நடுவுல ஒரு பையன் மயக்கமா வருதுன்னான், மோர் வாங்கிக் குடுத்து மறுபடி நிறுத்துனேன். வர்றவரு எந்நேரம் வருவாருன்னு தெரியாதில்லைங்க, வர்றப்ப வாசல்ல புள்ளைக இல்லைன்னா என்ன நெனப்பாரு?

மேடையில சேர் பத்தலை. இதைக் கேளுங்க சார், ஊருக்கே சேர் குடுக்கற நாச்சிமுத்து மேடையில சேர் பத்தலை. அழைப்பிதழ்ல பேர் இருக்கறவங்க எல்லாம் ஏறிட்டாங்க, கூட வந்தவங்களும் ஏறிட்டாங்க. நான் மைக்செட் பாக்ஸ் மேல உக்காந்தேன். புள்ளைகளைக் கீழ ஜமுக்காளத்துல உக்கார வெச்சோம். ஜெசிந்தா டீச்சரு எங்கிட்ட வந்து, "விழா யாருக்குங்க தலைவரே?"ன்னு கேட்டாங்க. புள்ளைகளுக்குத்தாங்க டீச்சரு, அதான் முன்னாடியே உக்கார வெச்சிருக்கோமேன்னேன். அவங்க ஒரு மாதிரி பார்த்துட்டுப் போயி அந்தப் புள்ளைகளோட ஜமுக்காளத்துலயே உக்காந்துக்கிட்டாங்க. மேடைக்கு வாங்கன்னா வரலை. எல்லாரும் பார்க்கறாங்க, எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்பறம் பொன்னாடை. ஒவ்வொருத்தருக்கும் போர்த்தி, கைதட்டி, போட்டோ எடுத்து முடிக்கவே நேரம் போயிருச்சு. அதுக்கப்பறம்தான் கேடயம்.

கேடயத்தை மெட்ராஸ்லயே குடுத்துட்டாங்கதான். ஆனா நம்ம விழாவுல நம்ம கையால குடுத்தாத்தானுங்க மரியாதை. அதனால எச்.எம். ரூம்ல இருந்து எடுத்துட்டு வந்து மேசையில வெச்சிருந்தோம். எம்.எல்.ஏ. எடுத்து கோகிலவாணி கையில குடுத்தாரு. போட்டோ. நல்லா இருந்துச்சு. ஒடனே இந்நாள் தலைவரு எந்திரிச்சு, நானும் ஒருக்கா குடுக்கறேன்னாரு. சரின்னு புள்ளைகிட்ட இருந்து வாங்கி அவருகிட்டக் குடுத்தோம், அவரு புள்ளைகிட்டக் குடுத்தாரு. போட்டோ. இந்நாள் குடுத்தா முன்னாள் சும்மா இருப்பாரா? அவரு எந்திரிச்சாரு. அப்பறம் தர்மகர்த்தா. அப்பறம் பால் சொசைட்டி. பேரன். பங்காளி. நான்தான் ஒவ்வொரு தடவையும், "அந்தக் கேடயத்தை ஒருக்கா குடு அம்மணி, அந்தக் கேடயத்தை ஒருக்கா குடு அம்மணி"ன்னு வாங்கி வாங்கிக் குடுத்தேன். அந்தப் புள்ளையும் வாங்கும், போட்டோவுக்கு நிக்கும், திருப்பிக் குடுக்கும். மொதல்ல சிரிச்சுது. அப்பறம் சிரிக்கலை. கடைசியில கேடயத்துக் காது ஒண்ணு கழண்டு என்ற கையோட வந்துருச்சு. ஃபெவிகுயிக் போட்டு ஒட்டியிருக்கு, ஸ்கூல்ல பார்ப்பீங்க, தெரியவே தெரியாது.

இதுக்கு நடுவுல எம்.எல்.ஏ. ஒரு காரியம் பண்ணுனாரு. நல்ல மனுஷனுங்க. பங்காளி போட்டோவுக்கு நிக்கறப்ப, அந்தப் புள்ளைகிட்டக் குனிஞ்சு, "எதைப் பத்திப் பேசிக் கண்ணு ஜெயிச்சீங்க?"ன்னு கேட்டாரு. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். அந்தப் புள்ளை மொகம் அப்படியே மலர்ந்துச்சு. "ஐயா, எங்க ஊருக்கு..."ன்னு ஆரம்பிச்சுது. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. போட்டோக்காரன் இந்தப் பக்கம் பாருங்கங்கறான், எம்.எல்.ஏ. பி.ஏ. வாட்ச்சைக் காட்டறான், மேடையில இன்னும் ரெண்டு பேரு கேடயம் குடுக்காம நிக்கறாங்க. இது கதையை ஆரம்பிச்சா எங்க முடிக்கறது? நான் சட்டுன்னு உள்ள பூந்து, "ஜனநாயகத்தைப் பத்திங்க ஐயா"ன்னு சொல்லிட்டேன்.

"ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது"ன்னு புள்ளை தலையில கைய வெச்சுட்டு நிமிர்ந்துட்டாரு. எப்படிச் சமாளிச்சேன் பாருங்க. குடிமையியல்னா வேற என்னங்க இருக்கப்போகுது, ஜனநாயகந்தானே?

அந்தப் புள்ளை அதுக்கப்பறம் என்னைப் பார்த்துட்டே நின்னுச்சு. ரெண்டு நிமிஷம் கேக்குதுன்னு எனக்குத் தெரியும். வாழ்த்துரை முடியட்டும் அம்மணின்னு கையக் காட்டுனேன். வாழ்த்துரை முடியறதுக்குள்ள எம்.எல்.ஏ. கெளம்பிட்டாரு. அவரு கெளம்புனா மேடையே கெளம்பிருச்சு. மைக்கு மட்டும் நின்னுட்டிருந்துச்சு. அந்தப் புள்ளை மைக்குகிட்ட வந்துச்சு. கீழ பார்த்தேன், சேரெல்லாம் காலி. "யாரு கண்ணு கேக்கறதுக்கு, விடு, இன்னொரு நாளைக்குப் பார்த்துக்கலாம்"னு ஆம்ப்ளிஃபையரை ஆஃப் பண்ணிட்டேன். சாயந்திரம் வேற ஊர்ல ஒரு வளைகாப்புக்கு அதே செட்டு போகணும் எனக்கு.

இவ்வளவு செஞ்சேனில்லைங்க, சொல்லுங்க சார், எனக்கு ஒரு பொன்னாடை போர்த்துனாங்களா? எனக்குன்னு ஒண்ணு எடுத்துத் தனியா வெச்சிருந்தேன். கடைசி நேரத்துல பங்காளி வீட்டு மாப்பிள்ளை ஒருத்தரு மேடையேறிட்டாரு, அவரை வெறுங்கழுத்தோட உக்கார வெக்க முடியுமா, அதைத் தூக்கி அவருக்குப் போர்த்திட்டேன். நன்றியுரையில என்ற பேரு வரும், அதுலயாவது சொல்லுவாங்கன்னு பார்த்தேன். நன்றியுரையே நடக்கலை. சேரையெல்லாம் நானும் என்ற வீட்டம்மாளும்தான் எடுத்து அடுக்குனோம். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கலைங்க எனக்கு. ஊருக்காக உழைச்சு என்ன சொகத்தைக் கண்டேன்னு அழுகையே வந்துருச்சு.

மறுநாள் டீச்சரு வந்து, "அந்தப் பிள்ளைக்கு ரெண்டு நிமிஷம் கொடுக்க உங்களுக்கு மனசு வரலியே"ன்னாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு, "எனக்கு ஒரு துண்டு போர்த்த யாருக்கும் மனசு வரலைங்களே டீச்சரு, அதைக் கேட்டீங்களா?"ன்னேன். அவங்க அப்பறம் எங்கிட்டப் பேசவே இல்லை. அடுத்த கலந்தாய்வுல அவங்களே மாறுதல் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. நான் ஒண்ணும் பண்ணலைங்க. சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை.

டிக்கெட் எடுத்துட்டீங்களா சார்? கண்டக்டரு வர்றாரு பாருங்க. சாருக்கு நம்மூருக்குக் குடுங்க தம்பி. புது வாத்தியாரு.

சரி, அந்தப் புள்ளை கதையையும் சொல்லிடறேன். பரீட்சை எழுதுச்சு, நல்ல மார்க்குதான். ஆனா நம்மூர்ல பத்தாவதோட சரி. பிளஸ் ஒன்னுக்கு டவுனுக்குத்தான் வரணும். அப்ப காலையில பஸ் கெடையாதுங்க. மொத பஸ்ஸே பதினொரு மணிக்கு. மெயின்ரோட்டுக்கு நடந்து போயிப் புடிக்கலாம், ஆனா அந்தத் தோட்டத்து வழியில வயசுப் புள்ளைகளை எப்படி அனுப்பறதுன்னு பெத்தவங்களுக்குப் பயம். பசங்க எவனோட பைக்லயாச்சும் தொத்திட்டுப் போயிருவானுக. பொண்ணுக வருஷா வருஷம் பத்தாவதோட நின்னுக்கும். எங்க ஊர்ல அது பழகிப்போன ஒண்ணு. என்ற பொண்ணுக்கு அந்தத் தொந்தரவே வரலைங்க. ஹாஸ்டல்ல சேர்த்துட்டேன்.

ஆனா ஒண்ணு பாருங்க, பனியன் கம்பெனி வண்டி மட்டும் கரெக்டா ஏழரைக்கெல்லாம் ஊருக்குள்ள வந்துரும். வாசல்லயே ஏத்திக்கிட்டு வாசல்லயே எறக்கி விடறான். எந்த அம்மாவுக்கும் பயமில்லை. அந்தப் புள்ளையும் ஜூன் மாசம் அந்த வண்டியில ஏறிருச்சு. தைச்சு வர்ற பனியன்ல ஓட்டை, அழுக்கு இருக்குதான்னு பார்க்கற செக்கிங்ல இருக்குது. கேடயம் வாங்குன டீமுல இருந்த இன்னும் ரெண்டு பொண்ணுகளும் அதே வண்டிதான். நல்ல வேலைதானுங்க, ஃபேன் காத்துல உக்காந்து பார்க்கற வேலை.

அத்தோட சும்மா இருந்துச்சான்னா, இல்லை. சுதந்திர தினத்துக்கு கம்பெனி லீவு. அன்னிக்குத்தான் நம்மூர்ல நெஜமான கிராம சபை. பந்தலு, சேரு, மைக்கு எல்லாம் நம்மளுதுதான். எப்பவும் என்ன நடக்கும், அஞ்சாறு பேரு உக்காருவோம், கையெழுத்துப் போடுவோம், டீ குடிப்போம், எந்திரிச்சிருவோம். அன்னிக்குப் பார்த்தா தேங்காய்க் களத்துப் பொம்பளைக மொத்தமும் வந்து உக்காந்திருக்காங்க! சேர் பத்தலை, தரையில உக்காந்தாங்க. அந்தப் புள்ளைக்கு ஓட்டு வயசு ஆகலை, அதனால அது பேசலை. அவங்கம்மாளை எழுப்பி விட்டுச்சு. அந்தம்மா வாழ்க்கையில மைக்கைப் புடிச்சதே இல்லை. பின்னால இருந்து அந்தப் புள்ளை சொல்லச் சொல்ல, இந்தம்மா பேசுது. காலையில ஏழரைக்கு டவுனுக்கு ஒரு பஸ் வேணும், இதைத் தீர்மானமாப் போடணும், போட்டதைப் படிச்சுக் காட்டணும், படிச்சுக் காட்டாம நாங்க எந்திரிக்க மாட்டோம். எல்லாப் பொம்பளைகளும் கையத் தூக்கிட்டாங்க. போடாம என்ன பண்றது?

அப்பத்தான் எனக்கே தெரியுமுங்க, மெட்ராஸுல போட்டியிலயும் அந்தப் புள்ளைக இந்த பஸ்ஸைப் பத்தித்தான் பேசுனாங்களாம். இதே தீர்மானம். இதுக்குத்தான் கேடயம் குடுத்திருக்காங்க. பாருங்க சார், இதை எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கு மேடையில எம்.எல்.ஏ. காதுல நானே போட்டிருக்க மாட்டேனா? பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்!

தீர்மானத்தை எடுத்துட்டு ஊர்ல இருந்து எம்.எல்.ஏ.வைப் போயிப் பார்த்தோம். நானும் போனேன். அவரு படிச்சுப் பார்த்துட்டு, "அட, இவ்வளவுதானா? அன்னிக்கு விழாவுக்கு வந்தப்பவே சொல்லியிருந்தா ஜூன்லயே விட்டிருக்கலாமேய்யா"ன்னாரு. எனக்குத் தலைகுனிவாப் போச்சு. என்னங்க பண்றது, புள்ளைக வாயைத் தொறந்து சொன்னாத்தானே பெரியவங்களுக்குத் தெரியும்?

பொங்கல் முடிஞ்சு பஸ் விட்டாங்க. நாம உக்காந்திருக்கமே, இதே பஸ்தான். இந்த வருஷம் பத்தாவது முடிச்ச பொண்ணுக ஒண்ணுகூட நிக்கலைங்க. எல்லாம் பிளஸ் ஒன் சேர்ந்திருச்சுக. இந்த பஸ் ஊருக்குள்ள போயித் திரும்பறப்ப ஏத்திட்டு வந்துரும். கோகிலவாணியையும் மறுபடி படிக்கச் சேர்த்து விடுங்கன்னு அவங்கம்மாகிட்ட எச்.எம். சொல்லிப் பார்த்தாரு. ஒரு வருஷம் போயிருச்சு, வீட்டுல அந்தச் சம்பளம் பழகிப்போச்சு. அந்தப் புள்ளையே வேண்டாங்கன்னுருச்சாமா.

அதான் இந்த விழா. பஸ் வந்ததுக்கு ஊர் சார்பா நன்றி தெரிவிக்கும் விழா. பஸ் ஓட ஆரம்பிச்சு இவ்வளவு நாளாச்சு, இன்னும் முறைப்படி ஒரு மாலை போடலைன்னா நம்மளைப் பத்தி என்ன நெனப்பாங்க? ஸ்கூல் கிரவுண்டுலதான். நீங்க ஒண்ணு பண்ணணும் சார். ஒம்பதாவது, பத்தாவதுப் புள்ளைகளைப் பூத்தட்டோட கேட்டுல நிறுத்தித் தரணும். அந்த டீச்சரு மாதிரி எதிர்க்கேள்வி கேக்க மாட்டீங்கன்னு உங்களைப் பார்த்தாலே தெரியுது. இந்தத் தடவை பொன்னாடை கூடவே நாலஞ்சு எடுத்து வெச்சிருக்கேன், எனக்கும் சேர்த்துத்தான்.

ஊரு வந்துருச்சு. அதுதான் ஸ்டாப்பு, வேப்ப மரத்தடி. பார்த்தீங்களா, எத்தனை யூனிஃபார்ம் நிக்குதுன்னு? அதுக்குப் பின்னால வெள்ளையா நிக்குதே, அதுதான் கம்பெனி வண்டி. வண்டி வாசப்படிகிட்ட கழுத்துல கார்டு மாட்டிட்டு ஒரு புள்ளை நிக்குது பாருங்க. கோகிலவாணி. அதேதான்.

நம்ம பஸ் வந்து நின்னாத்தான் அது வண்டியில ஏறும். தினமும் இதே கூத்துதானுங்க. வண்டிக்காரன் ஹாரன் அடிக்கறான் பாருங்க, கண்டுக்கவே கண்டுக்காது. ஒரு நாளு பஸ் வரலைன்னா டிப்போவுக்குப் போன் அடிக்கறதும் அதுதான். அதுக்கு அக்கா தங்கச்சின்னு இந்த பஸ்ல ஏற யாருமே இல்லைங்க, ஒத்தைப் புள்ளை. சித்த இருங்க சார், எறங்காதீங்க, அந்தப் புள்ளைக பின்படியில ஏறிக்கட்டும். ம், ஏறுது. இன்னும் ஒண்ணு ஓடி வருது. அதுவும் ஏறிருச்சு. ஆங், பார்த்தீங்களா? இப்பத்தான் அது வண்டியில ஏறுது. எதுக்கு அம்மணி தினமும் இப்படி நிக்கறேன்னு ஒருக்கா கேட்டேன். "சும்மாதானுங்க தலைவரே"ன்னு சிரிச்சுட்டுப் போயிருச்சு. கம்பெனிக்கு லேட்டானா திட்டு வாங்குமாம். என்ன சும்மாவோ போங்க, எனக்கு அது புரியலை.

எறங்குங்க சார், படி உயரம், பார்த்து. அந்த ஃப்ளெக்ஸை ஒரு பக்கம் புடிச்சுக்குங்க, எனக்கு இடுப்பு வளையாது. ஸ்கூலுக்குப் போனதும் விரிச்சு வெக்கறேன், நீங்க படிச்சவரு, ஒருக்கா மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்துச் சொல்லிருங்க. யாரு பேரும் விட்டுப்போயிருக்கக் கூடாதுங்க. எனக்கு அது ஒண்ணுதான் பயம்.